மிளகுக்கு எந்த உப்பு

அச்சகத்தில் அவளுக்குக் கமா என்று பெயர். வைத்தவர் மெஷின் மேஸ்திரி. ஓடிக்கொண்டிருந்த மருந்து லேபிளை, ஒரு கமா விட்டுப்போயிருக்கிறது என்று சொல்லி அவள் பாதியில் நிறுத்திய நாளன்று, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் கடைசியில் இந்தப் பெயரையும் வைத்தார். அவளோ அதை ஏதோ பட்டமளிப்பு விழாவில் வாங்கியது போல வாங்கிக்கொண்டாள். பதினோரு வருடமாக அவளுக்கு அதே மேசைதான். இடப்பக்கம் மருந்துக் கம்பெனி அனுப்பிய மூலப்பிரதி, வலப்பக்கம் அச்சுப்படி. இரண்டையும் வரி வரியாக ஒத்துப்பார்த்து, கடைசியில் ‘சரி’ என்று முத்திரை குத்த வேண்டும். கம்பெனிக்காரன் எழுதியது உண்மையா பொய்யா என்பது அவள் கவலை இல்லை. எழுதியபடி அச்சாகியிருக்கிறதா என்பதுதான் கவலை.

இந்த வேலையைப் பதினோரு வருடம் பார்த்தால் மனிதர்களும் அச்சுப்படிகளாகத்தான் தெரிவார்கள். புருஷன் ‘வறேன்’ என்று போனில் செய்தி அனுப்பினால், எத்தனை மணிக்கு வருகிறான் என்று பார்ப்பதற்கு முன் அந்த ‘ற’வைத் திருத்தி அனுப்புவாள். மனுஷன் பிறகு செய்தி அனுப்புவதையே விட்டுவிட்டு, பேசாமல் வந்து நிற்கப் பழகிக்கொண்டான்.

அவளுக்கு ஒரே பெண். ஏழு வயது. சிறிய உருவம், காரமான வாய், அதனால் மிளகு. நான்கு வயதில் மிளகுக்கு முதல் வலிப்பு வந்தது. அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் ஒரு மருந்து. ஒருவேளைகூடத் தவறியதில்லை. கடைசி வலிப்பு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தைக் கமா யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, சொன்னால் கலைந்துவிடும் என்று பயம். எதற்கும் பயப்படாதவள் போல நடமாடிய அவள், குளியலறையிலிருந்து மிளகின் பாட்டுச் சத்தம் ஒரு நிமிடம் நின்றால் ஓடிப்போய்க் கதவைத் தட்டுவாள்.

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் மெக்னீசியம் குறைவு என்று வந்தது. டாக்டர் தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மிளகைப் பார்த்தார்.

“மெக்னீசியம் கொஞ்சம் கம்மியா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல. சப்ளிமெண்டா குடுத்துடலாம். ஆக்சைடு மட்டும் வேணாம், வயித்தால போகும். மத்ததுல எது ஒத்துக்குதோ அதக் குடுங்க, அளவு எழுதியிருக்கேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, இது பற்றாக்குறைக்குத்தான். வலிப்பு மருந்த நிறுத்திடாதீங்க.”

சொல்லும்போதே அவர் கை அடுத்த ஆளைக் கூப்பிடும் மணிக்குப் போய்விட்டது. கமாவும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. சீட்டில் மெக்னீசியம் என்ற வார்த்தையில் டாக்டர் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தார். அதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

மருந்துக்கடையில் போய்க் கேட்டாள்.

“எந்த உப்புங்க வேணும்?” என்றார் கடைக்காரர்.

மெக்னீசியம் தனியாக வராது, எதனோடாவது சேர்ந்து உப்பாகத்தான் வரும் என்பது கமாவுக்குத் தெரியும். சிட்ரேட், கிளைசினேட், திரியோனேட் என்று எத்தனை லேபிளுக்கு முத்திரை குத்தியிருக்கிறாள். “எதுங்க குழந்தைக்கு நல்லது?” என்றாள்.

“எல்லாம் ஒண்ணுதாங்க. டப்பாதான் வேற.”

இந்த ஆளிடமா ஊரே மருந்து வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினாள். டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஐந்நூறு என்று போட்டிருப்பார்கள். அது மொத்த உப்பின் எடை. அதில் மெக்னீசியம் எவ்வளவு என்பது பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது மாதிரி ஓர் எழுத்தில் இருக்கும். டாக்டர் எழுதியிருந்தது அந்த எறும்பு எழுத்துக் கணக்கு. கடைக்காரருக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லை.

அடுத்து வந்தான் அவள் தம்பி, மிளகின் தாய்மாமன். உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை. வருகிறவர்களுக்கெல்லாம் மாவு டப்பா விற்பவன் என்பதால் வீட்டில் அவனுக்குப் புரோட்டீன் என்று பெயர். உட்காரும் முன்பே ஒரு டப்பாவை மேசை மேல் வைத்தான்.

“திரியோனேட்க்கா. மத்தது எல்லாம் வயித்தோட நின்னுடும். இது ஒண்ணுதான் நேரா மூளைக்குள்ள போகும்.”

“யார் சொன்னா?”

“டப்பாலயே போட்டிருக்கே.”

“டப்பால போடறதே நான்தான்டா.”

புரோட்டீன் அசரவில்லை. இப்படி எத்தனை பேர் விரட்டியும் அசராததால்தான் அவன் தொழில் ஓடுகிறது. ‘மூளைக்கு உகந்தது’ என்ற அந்த வார்த்தைகளை ஒரு கம்பெனிக்காரன் போனிலேயே சேர்க்கச் சொன்னதும், அவள் ‘க்’ விடாமல் சேர்த்ததும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்து ருசுப்படுத்தினார்களா என்று டாக்டரின் உதவியாளரிடம் போனில் கேட்டாள். அப்படிப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. டப்பாவை அவன் பையிலேயே திணித்து அனுப்பினாள்.

வலிப்பு வரும் குழந்தைகளின் அம்மாக்கள் சேர்ந்த ஒரு குழு போனில் இருந்தது. அங்கே கேட்டது தப்பாகப் போயிற்று. ஒருத்தி பாதத்தில் பூசும் களிம்பு என்றாள். ஒருத்தி வாளித் தண்ணீரில் கரைத்துக் காலை ஊறவைக்கச் சொன்னாள். இன்னொருத்தி, மெக்னீசியம் ஆரம்பித்தால் வலிப்பு மருந்தையே நிறுத்திவிடலாம், தன் அண்ணி மகன் நிறுத்திவிட்டான் என்று எழுதினாள். அவள் ‘வலிப்பு’க்குப் போட்டிருந்தது ‘ழி’. கமா அந்த எழுத்தைத் திருத்தி, மருந்தை நிறுத்தச் சொல்வது கொலைக்குச் சமம் என்று ஒரு வரி சேர்த்து, குழுவிலிருந்து வெளியேறினாள். அந்த இரண்டில் எழுத்துத் திருத்தம்தான் அவளுக்கு அதிக நிம்மதி தந்தது.

ஆக, டாக்டருக்கு நேரமில்லை, கடைக்காரருக்கு அறிவில்லை, தம்பிக்கு வெட்கமில்லை, குழுவுக்கு எழுத்தே தெரியாது. எஞ்சியிருப்பது தான் மட்டும் என்று கமா முடிவு கட்டினாள். அப்படி முடிவு கட்டும்போது மனிதர்களுக்கு வரும் சுகம் அவளுக்கும் வந்தது.

இந்த லட்சணத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நடந்தது. ஒரே வீடு. மாடியில் கமா குடும்பம், கீழே புருஷனின் அண்ணனான மூத்தாரும் அவர் மனைவி ஓரகத்தியும். ஞாயிறு மதியம் மட்டும் எல்லோருக்கும் கீழேதான் சாப்பாடு. ஓரகத்தி சமைப்பாள், மற்றவர்கள் குறை சொல்வார்கள். அன்று புரோட்டீனும் வந்திருந்தான்.

ஓரகத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல மனுஷி, நல்ல கை. ஆனால் எந்த வார்த்தையும் அவள் வாயில் முழுசாக வராது. சப்ளிமெண்ட் ‘சப்பிமெண்ட்’ ஆகும். தைராய்டு ‘தைராடு’ ஆகும். அவள் பேச ஆரம்பித்தாலே கமாவுக்குச் சிவப்புப் பேனா எங்கே என்று கை தேடும். பகலெல்லாம் மிளகைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து பார்த்துக்கொள்வது அந்த ஓரகத்திதான். அதற்குக் கமா நன்றி சொல்லியிருக்கிறாள். மரியாதை என்பது வேறு கணக்கு, அதை அவள் யாருக்கும் லேசில் கொடுத்ததில்லை.

“என்னதான் முடிவு பண்ணின?” என்று கேட்டார் மூத்தார்.

“இன்னும் இல்ல. சிட்ரேட்டா கிளைசினேட்டான்னு பாத்துக்கிட்டிருக்கேன். ஒவ்வொண்ணும் ஒரு உப்பு. இவ வயித்துக்கு எந்த உப்பு சரிப்படும்னு பாக்கணும்.”

“உப்பா?” என்றாள் ஓரகத்தி, கரண்டியோடு நின்றபடி. “குழந்தைக்கு எதுக்கு இன்னும் உப்பு? நான் அவளுக்குன்னு சமையல்லயே கம்மியாத்தானே போடறேன்.”

மேசையே சிரித்தது. மூத்தாருக்குப் புரையேறியது. புரோட்டீன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அவன் சிரிக்கிற அளவுக்கு ஒருத்தி ஆகிவிட்டாளே என்று கமாவுக்குக்கூட ஒரு கணம் பாவமாக இருந்தது. ஓரகத்தி முகம் சிவந்து, அசட்டுத்தனத்தை எப்படியாவது மூடிவிடும் அவசரத்தில் அடுத்ததைச் சொன்னாள்.

“அதில்ல… எனக்குத் தைராடுக்கு ஒரு மாத்திரை, எலும்புக்கு ஒரு மாத்திரை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா வயித்துக்குள்ள ரெண்டும் கட்டிக்கும், ஒண்ணும் வேலை செய்யாது, நாலு மணி நேரம் விட்டுப் போடுன்னு சொன்னாங்க. இவளுக்கும் வலிப்பு மருந்து இருக்குல்ல. இந்தச் சப்பிமெண்ட்டோட சேத்துக் குடுக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்க.”

“கட்டிக்கிட்டா நல்லதுதானேக்கா,” என்றாள் கமா. “கல்யாணப் பத்திரிகை எங்க அச்சகத்துலயே அடிச்சிடலாம். நானே பிழை பாத்துத் தரேன்.”

முதல் சிரிப்பு ஒன்றுமே இல்லை என்று ஆகும்படி இரண்டாவது சிரிப்பு எழுந்தது. புருஷன்கூடச் சிரித்தான். அவனுக்குச் சிரிக்கக் கிடைப்பதே அபூர்வம். ஓரகத்தியும் சேர்ந்து சிரித்துவிட்டு, தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று உள்ளே போனாள். தண்ணீர்ச் செம்பு மேசை மேலேயே நிறைய இருந்தது.

“பெரியம்மாக்கு ஒண்ணுமே தெரியாது,” என்றாள் மிளகு, வாய் நிறையச் சோற்றோடு.

“வாயில வச்சுக்கிட்டுப் பேசாத,” என்றாள் கமா. குழந்தை சொன்னதில் அவள் திருத்தியது அதை மட்டும்தான்.

மூன்று வாரம் ஆராய்ந்தாள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்த உப்பில் எத்தனை பங்கு மெக்னீசியம், எது வயிற்றை இளக்கும், எதில் இனிப்பு சேர்த்திருக்கிறார்கள் என்று கட்டம் கட்டினாள். மூன்று கம்பெனிகளுக்குப் போன் செய்தாள். ஒரு கம்பெனிப் பெண்ணை அழவிட்டாள். கடைசியில் கிளைசினேட், திரவம், சாயம் சேர்க்காதது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வயிற்றுக்கு இதம், அளவும் சரியாகப் பிரிக்க வரும். தேர்வு நல்ல தேர்வுதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கி வந்த டப்பாவை வழக்கம்போல ஆறு பக்கமும் படித்தாள். அடிப்பக்கம் ஒரு வரி இருந்தது. ‘வேறு மருந்துகள் உட்கொள்பவர்கள் மருத்துவரின் ஆலோசனை பெறவும்.’ அந்த வரியை அவள் கண் படிப்பதில்லை. அது எல்லா டப்பாவிலும் இருக்கும். அச்சகத்தில் அதற்கென்று தனிக் கோப்பே உண்டு, எடுத்து ஒட்ட வேண்டியதுதான். பதினோரு வருடத்தில் அந்த வரியை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. அதில் ‘ஆலோசனை’க்கு ‘லோ’ சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். இருந்தது. டப்பாவை அலமாரியில் வைத்தாள்.

எப்போது கொடுப்பது என்ற கேள்வியே எழவில்லை. காலை ஏழு மணிக்கு வலிப்பு மருந்துக்குக் குழந்தை எப்படியும் வாயைத் திறக்கும். எட்டு மணிக்கு அச்சகத்துக்குக் கிளம்ப வேண்டும். ஒரே சின்னக் கிண்ணத்தில் இரண்டையும் ஊற்றி, ஒரே மடக்கில் குடிக்க வைத்தாள். இரண்டு வேலை ஒன்றாக முடிந்ததில் அவளுக்குத் திருப்தி. மிளகின் வயிறும் ஒத்துழைத்தது. பத்து நாள் கழித்து, பார்த்தாயா என்கிற மாதிரி நோட்டுப் புத்தகத்தைப் புருஷனிடம் காட்டினாள். அவன் தலையாட்டினான்.

பத்தொன்பதாம் நாள், பள்ளி விடுமுறை. காலை பத்தரை மணிக்கு அச்சகத்துக்குப் போன் வந்தது. ஓரகத்தி பேசினாள்.

“மிளகுக்கு வந்துடுச்சு. ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன், வாயில ஒண்ணும் வைக்கல. மூணு நிமிஷம் இருபது செகண்டு. இப்ப நின்னுடுச்சு, மூச்சு சீரா இருக்கு. ஆட்டோ சொல்லியாச்சு. நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு.”

ஒரு வார்த்தைகூடத் தப்பாக வரவில்லை. மேசை மேல் ஒரு லேபிள் பாதி பார்த்தபடி கிடந்தது. கமா செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். ஒன்பது மாதம் ஆகியிருந்தது, எல்லாம் போயிற்று, எல்லாம் போயிற்று என்று வழி முழுக்க மனம் அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

மிளகு அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாக்கின் ஓரம் கடிபட்டிருந்தது. காலடியில் ஓரகத்தி, குழந்தையின் ஒரு பாதத்தைக் கைக்குள் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ரத்தம் எடுத்துப் போனார்கள். மதியம் டாக்டர் தாளோடு வந்தார். இந்தமுறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

“வலிப்பு மருந்தோட அளவு ரத்தத்துல ரொம்பக் கம்மியா இருக்கு. ஏதாவது வேளை விட்டுப்போச்சா?”

“இல்ல டாக்டர். ஒருவேளைகூட விடல,” என்றாள் கமா. நோட்டுப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்தாள். எந்த உப்பு, ஏன் அந்த உப்பு, எத்தனை பங்கு என்று சொல்ல ஆரம்பித்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கட்டங்களை விரலால் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எத்தனை மணிக்குக் குடுக்கறீங்க?”

“காலைல ஏழு.”

“வலிப்பு மருந்து?”

“அதுவும் ஏழு. ஒண்ணா, ஒரே கிண்ணத்துல…”

சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது. டாக்டர் பேனாவை மூடினார்.

“எல்லா வலிப்பு மருந்துக்கும் இப்படி இல்லம்மா. இவ சாப்பிடற மருந்துக்கு இந்தத் தொந்தரவு உண்டு. மெக்னீசியத்தோட சேத்துக் குடுத்தா வயித்துல ரெண்டும் கட்டிக்கும், மருந்து முழுசா ரத்தத்துல ஏறாது. இதுனால மட்டும்தான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இத மாத்தியே ஆகணும். நானும் அன்னைக்கே சொல்லியிருக்கணும், என் தப்பும் இருக்கு. டாக்டரக் கேளுங்கன்னு டப்பாலகூடப் போட்டிருப்பாங்களே.”

“போட்டிருக்கு,” என்றாள் கமா. கட்டிக்கும் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவள் ஓரகத்தியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து ஒத்துழைக்கவில்லை. இந்தப் பெரிய படிப்பு படித்த மனுஷர் வேறு ஏதாவது நல்ல வார்த்தையில் சொல்லியிருக்கக் கூடாதா என்று, வெட்கக்கேடு, அந்த நேரத்திலும் ஒரு கோபம் வந்தது. ஓரகத்தி மிளகின் பாதத்தைப் போர்வைக்குள் வைத்து மூடினாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தார்கள். டாக்டர் நேரம் எழுதிக் கொடுத்திருந்தார். வலிப்பு மருந்து பழையபடி காலை ஏழு, மாலை ஏழு. மெக்னீசியம் இரண்டுக்கும் எட்டாத நேரமாக, மதியம் ஒரு மணிக்கு. ஒரு மணிக்குக் கமா அச்சகத்தில் இருப்பாள். புருஷன் வேலையில் இருப்பான். பள்ளி திறக்கும்வரை வீட்டில் இருப்பது ஓரகத்திதான். திறந்த பிறகும் மதியச் சாப்பாட்டோடு பள்ளிக்குப் போகிறவள் அவள்தான்.

கமா படியில் இரண்டு முறை பாதி வரை இறங்கி ஏறினாள். ஓரகத்தி குத்திக் காட்டுவாள் என்று எதிர்பார்த்தாள், காட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். குத்துக்குக் குத்து பேசுவது அவளுக்குத் தெரிந்த வேலை. இரண்டு வார்த்தை பதிலுக்குப் பேசி, கொஞ்சம் அழுது, கணக்கை முடித்துவிடலாம்.

கீழே, உள்ளறையில் தூங்கும் மிளகுக்குக் காவலாக ஓரகத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கமா மருந்து பாட்டிலை அவள் பக்கத்தில் வைத்தாள்.

“மதியம் ஒரு மணிக்கு இது குடுக்கணும்க்கா. நீங்கதான் குடுக்கணும்.”

“சரி.”

“அன்னைக்கு நான்…”

“அத விடு.” ஓரகத்தி மிளகின் சட்டை ஒன்றை மடித்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். “ஒண்ணு மட்டும் கேக்கறேன். எனக்குப் பேசத் தெரியாதுன்னு எனக்கே தெரியும். நான் சொன்னது தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். டாக்டர்கிட்ட ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே. மத்ததுக்கு எல்லாம் போன் பண்ணினியே. இத ஏன் கேக்கல?”

கமாவிடம் பதில்கள் இருந்தன. டாக்டருக்கு நேரமில்லை. வேலை அதிகம். மறந்துவிட்டது. பிழையில்லாத பதில்கள், எதற்கும் முத்திரை குத்தலாம். உள்ளே மிளகு தூக்கத்தில் இருமினாள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டார்கள், மூச்சு சீராக வந்ததும் திரும்பினார்கள்.

“நீங்க சொன்னதுனாலதான்க்கா,” என்றாள் கமா. “வேற யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்.”

ஓரகத்தி அவளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சட்டையை மடித்து வைத்துவிட்டு, பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“தெரியும்,” என்றாள். “எத்தனை மில்லி?”